கடைப் பூனைக்கு ஆள் வைத்தது

பூனை குட்டி போட்டதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் பையைக்கூட இறக்காமல் கடையின் பின்னறைக்கு ஓடினீர்கள். இட்லி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், வெறும் சாக்குகளைச் சுருட்டிப் போட்டிருந்த இடத்தில் மூன்று குட்டிகள். சின்னவள் கை தட்டினாள். பெரியவன் பேர் வைக்கவே ஆரம்பித்துவிட்டான். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "தொடாதீங்க, மனுஷ வாடை பட்டா தாய் ஒதுக்கிரும்" என்று சத்தம் போட்டேன். உங்களுக்குச் சந்தோஷம். நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் நாம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தக் கதையை நீங்கள் உங்கள் சிநேகிதர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், சிரிப்பான கதைதான். ஆனால் நீங்கள் பஸ் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். என் பங்கையும் எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் இத்தனை வருஷமாக அரிசிக் கடை வைத்திருக்கிறேன் என்று பேர். நான் பார்த்த மயிலாப்பூர் ஷட்டர் அகலம்தான். தேர் வந்தால் அந்த அகலத்துக்குள் வரும்போது கும்பிடுவேன், தாண்டியதும் உட்கார்ந்துவிடுவேன். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் காலில் மணலோடு வந்து நின்றால்தான் அங்கே கடல் இருப்பது எனக்கு ஞாபகம் வரும். கல்யாணங்களுக்கு உங்கள் அம்மா போவாள், என் பேரில் மொய் போகும். "ஒரு நாள் அடைச்சா குடியா முழுகிரும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். முழுகாது. ஆனால் ஒரு நாள் அடைத்தால், வழக்கமாக வருகிறவர் அடுத்த தெரு கடையில் வாங்கிவிடுவார். அங்கே வாங்கியவருக்கு அந்தக் கடைக்காரர் நாற்காலி போட்டுவிடுவார். அந்தப் பயத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, எனக்கு எழுந்திருப்பதே மறந்துவிட்டது.

இந்தத் தடவை உட்கார முடியாது. உங்கள் அத்தை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் என்னால் தள்ளிப்போனது. ஒரு தடவை லோடு லாரி வந்து நின்றுவிட்டது. ஒரு தடவை மழைத்தண்ணீர் கடைக்குள் ஏறி, மூட்டைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதில் குத்த வேண்டிய காது மூன்று வயதாகியும் மூளியாக இருந்தது. அத்தை போனில் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, கோயில்ல சொல்லியாச்சு, ஆசாரிக்கும் சொல்லியாச்சு. நீ வந்தா உன் மடி. வரலைன்னா எங்க வீட்டுக்காரரோட பெரியம்மா மகன் மடி. பெறவு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு சொல்லக் கூடாது, ஆமா."

ஒரு தடவை மடி மாறிவிட்டால் மாறியதுதான். நாளைக்கு அந்தப் பிள்ளை பெரிய மனுஷியானாலும், கல்யாணம் ஆனாலும், தாய்மாமன் நிற்கிற இடத்தில் அந்த ஆள் நிற்பார். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அதற்குள்தான் பூனை குட்டி போட்டது. கடையைப் பூட்டினால் தாயும் குட்டிகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். எலிக்குப் பயந்து ஜன்னல், சந்து பொந்தெல்லாம் கம்பிவலை அடித்திருந்தேன். பூனையும் வெளியே போக முடியாது. எடுத்து வெளியே விட்டால் தெருநாய் விடாது. உள்ளே செத்துப்போனால்? பூனையைச் சாகடித்த பாவம் தங்கத்தில் பூனை செய்து கொடுத்தாலும் தீராது என்பார்கள். தங்கம் விற்கிற விலையில் பூனையின் மீசைகூடச் செய்ய முடியாது.

போனில் தேடி ஆள் பிடித்தது நீங்கள் இரண்டு பேரும்தான். ஆள் வெளியூர் போனால், வீட்டுக்கு வந்து நாய் பூனை பார்த்துக்கொள்கிற பெண். அடையாறு, தி.நகர் பக்கத்து ஃபிளாட்டுகளில் நிறையப் பேருக்கு அவள்தான் என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. பூனைக்குட்டியைப் பார்க்கக் காசா? வீட்டில் பிள்ளைகள் ஓசியில் பார்க்கிறார்களே!

புதன்கிழமை மத்தியானம் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டினப்பாக்கத்துப் பெண், வீட்டில் எல்லாரும் கடல் வேலை. நீங்கள் அன்றைக்கே 'பூனை அக்கா' என்று பேர் வைத்துவிட்டீர்கள். நான் அவளை விசாரிக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தாய்ப் பூனை இன்னா சாப்புடுது அண்ணாச்சி?"

"எலி."

"அது அதோட சம்பாத்தியம். நீ இன்னா போடுற?"

"மத்தியானம் மிஞ்சின தயிர்சாதம்."

"புள்ள பெத்தவளுக்குத் தயிர்சாதமா? உன் சம்சாரத்துக்கு இப்டிதான் போட்டியா?"

உங்கள் அம்மா கடைக்குள் எதற்கோ வந்தவள், "நல்லாக் கேளும்மா" என்றாள். எனக்கு இருந்த ஒரே ஆளும் அந்தப் பக்கம் போய்விட்டது.

கடைக்குப் பின்னால் குடியிருக்கிற வீட்டுக்கார மாமாவுக்கும் சேதி எட்டிவிட்டது. கட்டடம் அவருடையது. சுத்த சைவம். பின்கதவு அவர் வீட்டு முற்றத்தில்தான் திறக்கும். அவர் ஈரத்துண்டோடு வந்து நின்று, "பூனையைப் பார்த்துக்கறது புண்ணியம்தான். ஆனா ஆத்து வாசல் வழியா மீனைத் தூக்கிண்டு வரப்படாது, ஆமா, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். "டப்பாவுல மூடி எடுத்தாறேன் சாமி, வாசன வந்தா என்னிய கேளு" என்றாள் பூனை அக்கா. அவர் அரை மனதாகத் தலையை ஆட்டினார்.

பிறகு சம்பளம். எல்லாம் முடிந்து, குட்டிகளை உயிரோடு பார்த்த பிறகு மொத்தமாகத் தருகிறேன் என்றேன். எங்கள் வியாபாரத்தில் சரக்கைப் பார்த்துவிட்டுத்தான் காசு. அவள் சிரித்தாள். "பாதி இப்ப. பாதி குட்டிங்கள உன் கண்ணுல காட்டினப்புறம்." சரி, காசுக்குப் பதிலாக ஒரு சிப்பம் பொன்னி அரிசி வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "அரிசி வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். அது தனி, காசு தனி" என்றாள். கடைசியில் காசும் போனது, அரிசியும் போனது.

இதெல்லாம் பெரிதில்லை. சாவிதான் பெரிது.

கடைச்சாவியை நாங்கள் வெளியாள் கையில் கொடுப்பதில்லை. கூடப் பிறந்தவன் கையில் கொடுப்பதற்கே நாள் பார்ப்போம். காலையில் கண்ணில் ஒற்றித்தான் பூட்டைத் திறப்போம். ராத்திரி அது என் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமையில் கடையிலிருந்து காசோ சாவியோ வெளியே போனால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று நம்பிக்கை. நீங்கள் சிரிப்பீர்கள். சின்ன வயதில் நானும் சிரித்தேன். சொந்தக் கடை வைத்த பிறகு சிரிக்க முடியவில்லை.

"சாவி குடு அண்ணாச்சி. நான் இன்னா உன் அரிசி மூட்டைய ஸ்கூட்டர்ல தூக்கினு ஓடப் போறனா?"

கொடுக்க முடியவில்லை. கை இடுப்புக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பூட்டு உண்டு. அந்தச் சாவியை மட்டும் கொடுத்தால், அது கதவுச் சாவிதானே ஒழிய கடைச்சாவி இல்லை. பின்னறைக்கும் கடைக்கும் நடுவில் கம்பிக்கதவு இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் அவள் பூனை இருக்கிற இடத்தோடு வந்து போவாள். வியாழக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னால் அந்தச் சாவியைக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி அன்றைக்கு இரண்டு தோசை கூடத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, பூனைக்குத் தண்ணீர் வைத்து, ஷட்டரை இழுத்து இரண்டு பக்கமும் பூட்டினேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். நீங்கள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டீர்கள். மதுராந்தகம் ஏரி தாண்டும்போது போன் வந்தது.

"அண்ணாச்சி, பூட்டு தொறந்துச்சி. கதவு தொறக்கல. உள்ளார தாழ்ப்பாள் போட்டுகிறியா?"

போட்டிருக்கிறேன். தினமும் கடை அடைக்கும்போது என் கை செய்கிற வேலை அது. விளக்கை அணைக்கும், பின் தாழ்ப்பாளைப் போடும், சாமி படத்தைப் பார்க்கும், ஷட்டரை இழுக்கும். அன்றைக்கும் அதே வரிசையில் செய்திருக்கிறது. நான் கூட இருந்தேனே தவிர, பார்க்கவில்லை.

"உள்ள கத்துது அண்ணாச்சி. என் கொரல் கேட்டு தாய் கதவாண்டயே வந்து நின்னுகினு கத்துது."

திங்கட்கிழமைதான் நாம் திரும்புவோம். வெயில் காலம். பின்னறைக்கு மேலே தகரம். பால் கொடுக்கிற பூனை, ஒரு கிண்ணம் தண்ணீர்.

மாமாவைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கலாமா என்று கேட்டேன். "உடைக்கறதா! எங்க தாத்தா போட்ட தேக்குக் கதவு. அதை உடைச்சேள்னா ஆத்துக்காரி என்னை உடைச்சுடுவா" என்றார். ஷட்டர் பூட்டை அறுக்கலாம் என்றாள் பூனை அக்கா. வெள்ளிக்கிழமை காலையில் கடைப்பூட்டை அறுப்பதா? அந்தச் சத்தத்தைப் போனில் கேட்கக்கூட என்னால் முடியாது என்று தோன்றியது. கடைச்சாவிக் கொத்து என் இடுப்பில். இன்னொரு செட் சாவி வீட்டு பீரோவில். பீரோ சாவி உங்கள் அம்மாவின் கைப்பையில். வீட்டுச் சாவியும் அதே கைப்பையில். பூட்டெல்லாம் மயிலாப்பூரில், சாவியெல்லாம் பஸ்ஸில்.

கண்டக்டரிடம் போய் இறங்க வேண்டும் என்றேன். "ஹைவேல நிறுத்த முடியாது சார். விக்கிரவாண்டில சாப்பாட்டுக்கு நிக்கும், அங்க வேணா இறங்கிக்கோங்க" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பஸ் வேகமாகத்தான் போனது. அது போகப் போக நான் கடையிலிருந்து தூரமாகிக்கொண்டிருந்தேன். இறங்கித் திரும்பினால் மடி போய்விடும். இறங்காவிட்டால் பூனை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதாவது எழுந்தால் எழலாம் என்று இருக்கும். அந்த சீட்டில் முன்னாலும் கம்பி, பக்கத்திலும் கம்பி.

"இறங்கிப் போறேன்" என்றேன் உங்கள் அம்மாவிடம். "ராத்திரி வேற பஸ் கிடைச்சா வந்து சேர்ந்துருவேன்."

"நீங்க வர மாட்டீங்க. கடைக்குள்ள போனீங்கன்னா, ரெண்டு பேர் அரிசி கேப்பாங்க, உக்காந்துருவீங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போங்க. இறங்கிப் போயி அந்தப் பூனைக்கே தாய்மாமனா இருங்க."

முன் சீட்டுக்காரர் தோள் குலுங்கியது. சிரித்திருக்கிறார்.

விக்கிரவாண்டியில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டுக் கடை வாசலில் சென்னைப் பக்கம் போகிற பஸ்களும் நின்றிருந்தன. பூனை அக்காவுக்குப் போன் செய்து, நான் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன், கடை வாசலிலேயே இரு என்றேன்.

"நீ எதுக்கு அண்ணாச்சி வர்ற? நீ வந்து இன்னா பண்ணப் போற? சாவி வந்தா போதாதா?"

நான் இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். அவளே மேலே சொன்னாள்.

"எவனா டிரைவராண்ட குட்த்து அனுப்பு. நான் கிளாம்பாக்கம் போயி வாங்கிக்கிறேன். ஊர்லேந்து கருவாடு, முறுக்கு எல்லாம் அப்டிதானே வருது? ஆனா அங்க வரைக்கும் பெட்ரோலு யாரு குடுப்பான்னு இப்பவே சொல்லிடு."

சென்னை பஸ்ஸின் டிரைவர் ஒருத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மீசை பெரிது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"பூனைக்கா?" என்றார்.

"பூனைக்குத்தான்."

"சாவியக் கொண்டுபோயி நான் உங்க கடையைத் திறந்து அரிசியை வித்துட்டா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் நான் ஓரடி பின்னால் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பயப்படாதீங்க. குடுங்க. மஞ்சள் ஹெல்மெட்டுன்னுதானே சொன்னீங்க? என் பஸ்ல பொண்ணையே தனியா ஏத்தி விட்டுட்டுப் போறாங்க, சாவிக்கு என்ன?"

சட்டைக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினேன். அவிழவில்லை. வியர்வையில் இறுகியிருந்தது. அத்தனை பேர் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நின்று அரைஞாண் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா இறங்கி வந்து, ஊக்கால் முடிச்சை நெம்பி அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றி டிரைவரிடம் கொடுத்தாள். அவள்தான் கொடுத்தாள். நான் கொடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெட்ரோல் காசையும் அவளே போனில் அனுப்பிவிட்டாள். போனில் போவது கையால் கொடுப்பதில் சேராது என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னாள்.

பஸ் மறுபடி தெற்கே கிளம்பியது. இடுப்பு லேசாக இருந்தது. அது நல்ல லேசு இல்லை. படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாதது மாதிரி.

பஸ் திருச்சி தாண்டியதும், நம் தெரு எதிர்க்கடை பாத்திரக்காரர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, உங்க கடைய ஒரு பொண்ணு தொறக்குது! பிடிச்சு வைக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். அடுத்து பூக்காரம்மா. அடுத்து மாமா. "ஷட்டரைத் தொறந்து கடைக்குள்ளயே போயிட்டா. நீங்க சொல்லித்தானே?" நான் சொல்லித்தான் என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லச் சொல்ல, ஏதோ செய்யக்கூடாத காரியத்துக்கு ஊரைச் சாட்சி வைப்பதுபோல இருந்தது. கடைசியில்தான் பூனை அக்காவின் போட்டோ வந்தது. தாய்ப் பூனை டப்பாவுக்குள் தலையை விட்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "கம்பிக்கதவு பூட்ட கடைசி சாவிலதான் தொறந்தேன். மூணும் நல்லா கீது. ரெண்டு பேரு இட்லி அரிசி கேட்டாங்க, கடை லீவுன்னு துரத்திட்டேன்."

நீங்கள் போனை வாங்கிப் பார்த்துக் குதித்தீர்கள். நான் அந்த இரண்டு பேர் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முழுக்க அத்தை வீட்டில் விருந்தாட்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, நீ வந்திருக்கியா, இல்ல உன் சட்டை மட்டும் வந்திருக்கா?" என்று கேட்டாள். போனை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடிகிறவரை அது அங்கேயே கிடந்தது.

கோயில் வேப்பமரத்தடியில் என் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. வீல் என்று ஒரு சத்தம், பிறகு வாழைப்பழம், முடிந்தது. மூன்று வயதுக்காரிக்கு எல்லாம் தெரியும். ஆசாரி பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு நான் முன்பின் தெரியாத ஆள். போட்டோவில் பார்த்திருப்பாள். அந்த ஆள் இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்திருக்கிறான். "விடு! விடு!" என்று உதைத்தாள். என் மணிக்கட்டைக் கடித்தாள். பிடியை விட்டால் ஊசி காதில் கோணலாக இறங்கும். விடவில்லை. நான் நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டதெல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள் பலமாக ஏறியிருந்தது. அவள் முதுகு என் நெஞ்சில் மோதிக்கொண்டே இருந்தது. ஒரு காது. அடுத்த காது. என் வேட்டி நனைந்துவிட்டது.

முடிந்ததும் அம்மாவிடம் தாவினாள். அங்கிருந்து என்னைப் பார்த்து விரலை நீட்டி, "நீ உன் ஊருக்குப் போ" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "போறதுக்குத்தான் மாமா எப்பவும் தயாரா இருப்பாகளே. சாயங்காலம் பஸ்" என்றாள்.

பந்தி முடிந்து, அத்தை வீட்டு வாசல் மரத்தடியில் சாய்ந்திருந்தேன். உங்கள் அம்மா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை கையில் பாதி கடித்த அதிரசத்தோடு வந்தாள். என்னைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், முதுகைக் காட்டிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நிழல் இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. சிவந்திருந்த காது என் சட்டையில் படாமல் இருக்க நான் கையை அணைவாக வைத்துக்கொண்டேன்.

"நேரமாச்சுங்க, எழுந்திருங்க" என்றாள் உங்கள் அம்மா.

"என் போனை எடுத்துட்டு வா" என்றேன்.

அரிசி ஒட்டியிருந்த போனைத் துடைத்து, ஒற்றைக் கையால் பூனை அக்காவைக் கூப்பிட்டேன். நாங்கள் இன்றைக்குக் கிளம்பவில்லை, நீ இன்னும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"பாத்துக்கலாம் அண்ணாச்சி, அதுக்கும் காசு கீதுல்ல? ஒரு நாளா, ரெண்டு நாளா, நல்லா கேட்டு சொல்லு. எனக்கு நாளான்னிக்கு தி.நகர்ல ஒரு நாய் கீது."

அத்தை தூணோரம் நின்று நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"ஒரு நாள்" என்றேன்.